சேவ் பண்ணு, சாஃப் பண்ணாதே

வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய புதிதில், எங்கள் தீவின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பலர் என் வீட்டைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டு. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைப் பற்றி அதில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். கடிதம் எழுத ஒன்று, பாட்டும் படமும் போட ஒன்று, போட்டோவைச் சிறிதாக்க ஒன்று, வைரஸ் பிடிக்க ஒன்று, பெரிய கோப்பைச் சுருக்கி மடித்து வைக்க ஒன்று. எது எவ்வளவு இடம் பிடிக்கும், போடும்போது எந்தக் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும், என் கம்ப்யூட்டரில் எத்தனை நாள் ஓடியது, என்ன தகராறு செய்தது, எல்லாம் அதில் இருக்கும். ஒன்றைப் போட்டு ஒரு மாதம் பார்க்காமல் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கல்வித் துறை அலுவலகத்தில் குமாஸ்தா. டைப்ரைட்டரில் விரல் தேய்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவள். என்னிடம் இருந்த ஒரே தகுதி பயம். எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் என்று நம்புகிறவள் எதையும் நிதானமாகத்தான் தொடுவாள். என் கணவர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். "நீ கேஸ் அடுப்பை அணைச்சிட்டு மூணு தடவை பார்க்கிறவ. உன்கிட்ட கேட்டா கம்ப்யூட்டர் பத்திரமா இருக்கும், கேக்கறவனுக்குத்தான் தலை வலிக்கும்" என்பார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அறுபதுகளில் சாத்தம் மரமில்லுக்குப் பக்கத்தில் இருந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அப்பா கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து மில் வேலைக்கு வந்தவர். ஊசி, நூல், பாடப்புத்தகம், காய்ச்சல் மருந்து என்று எல்லாமே கப்பலில் வர வேண்டும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் ஒன்றை எழுத மறந்தால் அடுத்த கப்பல்வரை அது இல்லாமல்தான் வாழ வேண்டும். கப்பல் சங்கு ஊதிய பிறகு "ஐயோ, அதை எழுதலையே" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இலவச மென்பொருளைச் சிபாரிசு செய்வது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஆட்களில் இரண்டு வகை. பஜாரில் யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்து விற்கும் சிடியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் ஒரு வகை. அதில் மென்பொருளைவிட வைரஸ்தான் அதிகம். இன்னொரு வகை, "சும்மா குடுக்கறான்னா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று தலையை ஆட்டுகிறவர்கள். திருடியதை நம்புவார்கள், மனமுவந்து கொடுத்ததை நம்ப மாட்டார்கள். எங்கெங்கோ இருக்கிற பத்துப் பேர் கூடி எழுதி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள் ஐயா, அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. அதை இன்டர்நெட்டில் இறக்கலாம் என்றால் எங்கள் தீவு இன்டர்நெட் அரை நாள் இறக்கிவிட்டு முக்கால் பங்கில் நின்றுவிடும். அதனால் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இணைப்பாக வரும் சிடிதான் கதி. அதுவும் கப்பலில், ஒரு மாதம் தாமதமாக.

அப்படி வந்த ஒரு சிடியில் இருந்தது அந்த ஒலிப்பதிவு மென்பொருள். டேப்ரெக்கார்டரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால், கேசட்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொள்ளும். என்னிடம் இருந்த இரண்டு பக்திப் பாடல் கேசட்டுகளை ஏற்றிப் பார்த்தேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. நோட்டில் எழுதினேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். முப்பது வயது தாண்டியவர். ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அபர்தீன் பஜாரில் கடை. என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு கேசட்டோடு வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, உங்க நோட்டுல கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு ஏதோ இருக்காம்ல?"

"இருக்கு. என்ன பாட்டு?"

"பாட்டு இல்லக்கா. எங்க உம்மா."

அவருக்கு நாலு வயதாகும்போது உம்மா இறந்துபோனார். அப்போது உம்மாவும் அவரும் ஊரில், வாப்பா இங்கே கடையில். அதன்பிறகு வாப்பா ஊருக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மனைவியைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாராம். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. வாப்பா போன வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி இந்தக் கேசட் இருந்தது. மேலே வாப்பாவின் கையெழுத்தில் "வீட்டிலிருந்து" என்று மட்டும் எழுதியிருந்தது. எழுபதுகளின் கடைசியில் வந்ததாக இருக்க வேண்டும். அரபு நாட்டிலிருந்து அவருடைய மாமா, உம்மாவின் அண்ணன், ஒரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்ததாகக் கேள்வி.

"போட்டுப் பார்த்தீங்களா?"

"அஞ்சு நிமிஷம் போட்டேன்கா. ஒரே உஸ்ஸுன்னு இரைச்சல். நடுவுல ஒரு பொம்பளக் குரல். அதுக்குள்ள டேப்பு இழுத்துக்கிச்சு. பயந்து நிறுத்திட்டேன்."

கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. எங்கள் ஊர் ஈரத்தில் தோல் செருப்பே ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும், முப்பது வருட நாடா எம்மாத்திரம்? இன்னும் ஒரு தடவை ஓடும், இரண்டாவது தடவை சந்தேகம் என்று தோன்றியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். மெயின்லேண்டில் யாராவது விவரம் தெரிந்தவரிடம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பலில் போய்த் தொலைந்துவிட்டால்? அந்தப் பயம் எனக்கு இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். வயரை எந்தத் துளையில் சொருகுவது, சிவப்பு வட்டத்தை எப்போது அழுத்துவது, மஞ்சள் சதுரத்தை எப்போது அழுத்துவது என்று ஒரு பழைய பாட்டுக் கேசட்டை வைத்துக் காட்டினேன். குரல் ஏறஏறத் திரையில் நீல அலை ஓடும். அலை ஓடினால் சத்தம் ஏறுகிறது, வெறும் கோடாக இருந்தால் ஒன்றுமில்லை. அவர் சுருக்காகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த இரைச்சலை எடுக்க முடியுமாக்கா?"

இங்கேதான் என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "அதுக்கும் இருக்கு தம்பி. வெறும் இரைச்சல் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் காட்டி, இதுதான் குப்பைன்னு சொல்லணும். அப்புறம் மொத்தத்தையும் காட்டினா அந்தக் குப்பையை எல்லா இடத்திலயும் சாஃப் பண்ணிடும்" என்று செய்தும் காட்டினேன். சாஃப் என்பதை விளக்க வேண்டுமா? இந்தியில் சுத்தம். ஆனால் எங்கள் தீவில் அது இந்தி என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீட்டை சாஃப் பண்ணு, மீனை சாஃப் பண்ணு, பிள்ளை மூக்கை சாஃப் பண்ணு என்றுதான் எங்கள் தமிழ்.

அந்த வாரம் எனக்குக் கடலுக்கு அக்கரையில் பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் ஸ்டாக் சரிபார்க்கும் டியூட்டி. நான் திரும்பி வந்த பிறகு சேர்ந்து ஏற்றலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போகும்போது பள்ளிக்கூட டெலிபோன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அதுவும் என் பயம்தான்.

புதன்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போனில் துணிக்கடைத் தம்பி. அவர் வீட்டில் போன் கிடையாது, தெருமுனை பூத்திலிருந்து பேசுகிறார். லைனில் கரகரவென்று ஒரே சத்தம்.

"அக்கா, பொறுக்க முடியலக்கா. ஏத்திட்டேன். முழுசா ஏறிடுச்சு. அலை ஓடுச்சு. ஆனா கடைசில கேசட்டு அறுந்து உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்தா துண்டு துண்டா வருது."

இனி அந்தக் குரல் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இன்னும் சேவ் செய்யாத ஒரு கம்ப்யூட்டர் திரையில்.

"தம்பி, ஓடிப் போய் உடனே சேவ் பண்ணுங்க! வேற எதுவும் செய்ய வேண்டாம். முதல்ல சேவ் பண்ணுங்க!"

"டீக் ஹை அக்கா, சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் போய் மேசை நாற்காலிகளை எண்ணினேன். மூன்று தடவை எண்ணி மூன்று விதமாக வந்தது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன்.

"சாஃப் பண்ணிட்டேன் அக்கா."

"என்ன பண்ணீங்க?"

"சாஃப். நீங்க சொன்ன மாதிரியே. மொத்தத்தையும் காட்டி இதுதான்னு சொன்னேன். இரைச்சல் போயிடுச்சு. ஆனா அக்கா, உம்மா குரலும் கேக்கல. அலையே இல்ல, கோடுதான் இருக்கு. ரெண்டாவது தடவையும் பண்ணேன். மூணாவது தடவையும் பண்ணேன். அப்படியும் வரல."

நான் சேவ் என்றது அவர் காதில் சாஃப் என்று விழுந்திருக்கிறது. இரைச்சலைக் காட்ட வேண்டிய இடத்தில் மொத்தப் பதிவையும் காட்டி, இதுதான் குப்பை என்று சொல்லியிருக்கிறார். மென்பொருள் அவர் சொன்னதை நம்பி, அவருடைய உம்மாவைத் துடைத்து எடுத்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் அந்த வார்த்தையை அவர் காதில் போட்டவள் நான்.

"தம்பி, திரையில இருக்கிற அந்த ஜன்னலை மூடினீங்களா?"

"இல்லக்கா. திறந்துதான் இருக்கு."

"சரி. போய் அது முன்னால உக்காருங்க. கீபோர்டைத் தொடாதீங்க, மவுஸைத் தொடாதீங்க. கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. நான் வர்றேன்."

செய்ததைத் திருப்பிப் போடும் கட்டளை அதில் உண்டு. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது நீங்கிவிடும். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு என் கணவர் கேட்டார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு வார்த்தை போன வழியில் மாறி இவ்வளவு செய்துவிட்டது, இன்னொரு வார்த்தையை அதே லைனில் அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து விசையை அழுத்திவிட்டால்? என் வாயை நானே நம்பவில்லை.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த மாதம் டெய்ரி ஃபார்ம் பக்கம் தினமும் மூன்றரைக்குக் கரண்ட் நிறுத்துவார்கள். அவருடைய யூபிஎஸ் செத்து ஆறு மாதம் ஆகிறது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையும். மறுபடி திறந்தால் மென்பொருள் கடைசி நிலையை வேண்டுமானால் மீட்டுக் கொடுக்கும். கடைசி நிலை வெறும் கோடு. திருப்பிப் போட ஒன்றும் இருக்காது. மணி இரண்டேகால்.

ஹெட்மாஸ்டரிடம் வீட்டில் அவசரம் என்று மட்டும் சொன்னேன். ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு பம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு வந்தபோது ஃபெரி கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "ஆராம் சே, ஆண்ட்டி, ஆராம் சே" என்று மெதுவாக வரச் சொன்னான் கயிற்றுக்காரன். அவனுக்கு என்ன தெரியும்? பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அந்தக் கடலை நான் ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். அன்றைக்கு அது நகரவே இல்லை. எல்லாக் கெட்டதும் தோன்றியது. தூசி தட்டுகிறேன் என்று எதையாவது அழுத்தியிருப்பார். இல்லை, நல்ல பிள்ளையாக இப்போதாவது சேவ் செய்வோம் என்று அந்த வெறும் கோட்டைச் சேவ் செய்து மூடியிருப்பார். முகம் தெரியாத அந்தத் தாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இக்கரையில் சாத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று இருபது. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில், இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார், பூனை ஏறாமல் இருக்க. திரை கருப்பாக இருந்தது.

"அணைஞ்சிடுச்சுக்கா. நான் தொடல. அல்லா மேல ஆணையா நான் தொடவே இல்ல."

அப்போதுதான் கம்ப்யூட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தேன். சும்மா கிடந்தால் திரை தானாக இருட்டிக்கொள்ளும், அதுதான் நடந்திருக்கிறது. மவுஸை லேசாக அசைத்தேன். நீண்ட வெறும் கோடு ஒன்று திரையில் வந்து நின்றது. தப்பான விசையை அழுத்திவிடக் கூடாதென்று விசைகளைத் தொடாமல், மெனுவைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்து, திருப்பிப் போடச் சொன்னேன். கோடு மாறவில்லை. இன்னொரு தடவை. கோடு கொஞ்சம் தடித்தது. மூன்றாவது தடவை அழுத்தியதும் திரை முழுக்க நீல அலை வந்தது.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றார். நான் "சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன். சேவ் அழுத்தினேன். பெயர் கேட்டது. உம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். சேவ் ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிரம்பியது. அது நிரம்பி மறைந்த பிறகா, மறையும் முன்பா, தெரியவில்லை. ஃபேன் நின்றது, திரை அணைந்தது. அன்றைக்குப் பார்த்து நாலு நிமிடம் முன்னதாகவே கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆடை கட்டிப் போயிற்று. "சேவ் ஆயிருக்குமாக்கா?" என்று அவர் கேட்பார். "ஆயிருக்கும்" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆயிருக்கும்ல?" என்று நான் அவரைக் கேட்பேன். என் பேச்சைக் கேட்டு இந்த மென்பொருளைப் போட்ட வீடுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அத்தனை வீட்டிலும் எதையெதை நம்பி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. இனி யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்று முடிவுகட்டினேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தை நான் சொல்லப்போவதில்லை. கோப்பு இருந்தது. திறந்தது. அலையும் இருந்தது. முதல் வேலையாக அதை இரண்டு சிடிகளில் பதிவு செய்தேன், ஒன்றை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதன்பிறகுதான், "இப்பக் கேளுங்க தம்பி" என்றேன்.

இரைச்சல் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன வயதுப் பெண் பேசினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த மகனைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்னங்க, நல்லா இருக்கீயளா. கடுதாசி எழுதத் தெரியாதவன்னு என்னைய எத்தன நாளு கேலி பண்ணுவீய? இந்தா, பேசிப்புட்டேன்ல." சிரித்தாள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். முற்றத்து ஓடு ஒழுகுகிறது என்றாள். தனக்கு இடையில் உடம்பு சரியில்லை, இப்போது தேவலை என்றாள். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே குடுத்தது இந்த ஒரு கேசட்டுதான். நீங்க இதுலயே என் பேச்ச அழிச்சுப்புட்டு, உங்க பேச்சப் பேசி அடுத்த கப்பல்ல அனுப்புங்க. புள்ளைக்கி உங்க குரலே மறந்துபோச்சு. எனக்கும் கேக்கணும்போல இருக்கு. மறந்துராதீய." அதோடு நாடா அறுந்த சத்தம்.

அந்தக் கடைசி இடத்தை மட்டும் அவர் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"வாப்பா அழிக்கலக்கா" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "உம்மாவே அழிக்கச் சொல்லியும் அழிக்கல. அவருக்கு மனசே இல்லைன்னு இத்தனை வருஷம் நினைச்சேனே."

"ஆமா தம்பி."

அவர் முகத்தின் மலர்ச்சி மெல்லக் குறைந்தது.

"அப்ப உம்மாவுக்குப் பதில் கேசட்டு போகவே இல்லையாக்கா?"

நான் மவுஸைத் தள்ளி வைத்தேன்.

"இது பேசி மூணு மாசத்துல மவுத்தாயிட்டாங்கன்னு மாமா சொல்வாரு. மூணு மாசத்துல எத்தனை கப்பல் போயிருக்கும் இங்கேர்ந்து?"

மனதுக்குள் எண்ணினேன், நாலு போயிருக்கும், ஐந்துகூடப் போயிருக்கும். ஆனால் தெரியாது தம்பி என்று சொல்லிவிட்டேன்.